உறவு மணி, தனி மணி

மாலை ஐந்து பத்து. கிளினிக் ஜன்னலோரம் நின்று கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து அறைக்குள் உட்கார்ந்துவிட்டார். கணவரைக் காணோம். போன வாரம் இருவரும் பேசிக்கொண்ட விதத்தைப் பார்த்தால் அவர் இன்று வராததற்கு ஓர் அர்த்தம் உண்டு. நான் அதைப் பற்றித்தான் யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்ததோ வேறு: இவர் வரவில்லை என்றால் இந்த மணி தனி மணி ஆகிவிடும், இந்த மாதம் உறவு மணி ஏழுதான் தேறும்.

வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் குடும்ப சிகிச்சையில் முனைவர் பட்டம் படித்த யாரையும் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் பழகிய பிறகு அவர்களும் இதே மாதிரி ஒரு ஜன்னலோரக் கதை வைத்திருப்பார்கள்.

நான் படித்தது கலிஃபோர்னியாவில். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். வந்துபோன குடும்பங்களின் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன், ஓரிடத்தில் இரண்டு குடும்பங்களைக் கலந்து ஒன்றாக்கியிருக்கிறேன். இந்தத் தொழிலில் வாயைக் கட்டுவதுதான் முதல் பாடம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறையில் பட்டம் வாங்குவதற்குள் ஆயிரம் மணி நேரம் ஆட்களோடு நேருக்கு நேர் உட்கார்ந்து சிகிச்சை அளித்திருக்க வேண்டும். அதில் பாதி உறவு மணியாக இருக்க வேண்டும். அதாவது கணவன் மனைவியோ, தாயும் மகனோ, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பேராவது அறையில் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் அது தனி மணி. ஐந்து மணிக்கு ஒரு மணி என்ற விகிதத்தில் சூப்பர்வைசரோடு உட்கார வேண்டும். அதிலும் பாதியாவது, நான் வாயால் சொல்லி அவர் கேட்பதாக இல்லாமல், அவரே கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும்: நேரடியாகவோ வீடியோவிலோ. குறிப்பெழுதும் நேரம், பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுப் பேசும் நேரம், வண்டி ஓட்டிக்கொண்டு போகும் நேரம் எதுவும் சேராது. வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனால் பூஜ்யம்.

இந்த எண்கள் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஒன்றல்ல. திருமண, குடும்ப சிகிச்சைக் கல்விக்கென்று ஓர் அங்கீகார ஆணையம் இருக்கிறது. 1978-இல் அமெரிக்கக் கல்வித் துறையின் ஒப்புதல் பெற்றது. முதுகலைக்கு 500, முனைவர் பட்டத்துக்கு 1,000 என்பது அதன் பழைய விதி. பின்னால் வந்த பதிப்புகளில் அதைத் தளர்த்திவிட்டார்கள். ஆனாலும் பழைய எண்ணை விட மனசில்லாத துறைகள் உண்டு. எங்கள் துறை அதில் ஒன்று.

அம்மாவுக்கு இது கடைசி வரை புரியவில்லை. என் சித்தி மகன் விமானம் ஓட்டப் படித்தவன். இந்தியாவில் கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். "அவன் ஆகாயத்துல பறக்குறதுக்கே இருநூறு போதும்குறாங்க, நீ உக்காந்து பேசுறதுக்கு ஆயிரமாடி?" என்றார் ஒரு நாள். பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு நாள் போனில் "உறவு மணி மட்டும் இன்னும் இருநூறு பாக்கிம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பக்கத்துல யாரும் தமிழாளுங்க இருந்தா இப்படிச் சத்தமாச் சொல்லித் தொலைக்காத" என்றார்.

முனைவர் பட்டம் என்றால் ஆய்வேடுதான் பெரிய மலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எனக்கு அது பெரிய தொந்தரவாக இல்லை. முன்மொழிவு, நெறிமுறைக் குழுவின் அனுமதி, பேட்டிகள், எழுத்து, வாய்மொழித் தேர்வு என்று எல்லாத் துறையிலும் இருப்பதுதான். ஆய்வேட்டை ராத்திரி இரண்டு மணிக்கும் எழுதலாம். யாரும் பார்ப்பதில்லை. மற்றது அப்படியல்ல. மற்றதற்கு ஒரு கண்ணாடி இருக்கிறது.

ஒரு பக்கம் பார்த்தால் கண்ணாடி, மறு பக்கம் பார்த்தால் ஜன்னல். இந்த வித்தை நடக்க வேண்டுமென்றால் பின்னறை இருட்டாக இருக்க வேண்டும். அதனால் அங்கே உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு மாணவர்களும் சூப்பர்வைசரும் மதியம் மூன்று மணிக்கும் சினிமாக் கொட்டகையில் இருப்பது போல இருப்பார்கள். வரும் குடும்பங்களுக்கு இது முன்கூட்டியே தெரியும், கையெழுத்தும் போட்டிருப்பார்கள். பெரியவர்கள் பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். குழந்தைகள் மறக்கவே மாட்டார்கள். ஒரு ஐந்து வயதுப் பையன் ஒவ்வொரு வாரமும் மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி, நாக்கைத் துருத்தி எங்கள் எல்லோரையும் விசாரித்துவிட்டுத்தான் நாற்காலிக்குப் போவான்.

என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசி. அது அடித்தால் பின்னறையிலிருந்து சூப்பர்வைசர். குடும்பம் பேச்சை நிறுத்தும், நான் எடுப்பேன், ஒரே ஒரு வாக்கியம் வரும், வைத்துவிடுவார். "அம்மாவையே கேட்டுக்கொண்டிருக்கிறாய், பையனைக் கேள்." அவ்வளவுதான். விளக்கமெல்லாம் செஷன் முடிந்த பிறகு.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று படித்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான சால்வடோர் மினுச்சின் 1965-இல் பிலடெல்ஃபியா சைல்ட் கைடன்ஸ் கிளினிக்கின் தலைவரானார். அர்ஜென்டினாக்காரர், ஏழைக் குடும்பங்களோடு வேலை செய்தவர். 1960களின் கடைசியில் அவரும் பிராவ்லியோ மொன்டால்வோவும் ஜே ஹேலியும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். அந்தப் பகுதியின் ஏழைக் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ சமூகங்களிலிருந்தே ஆட்களை எடுத்துத் தெரபிஸ்ட்டாகப் பயிற்றுவித்தார்கள். பட்டம் ஏதும் இல்லாதவர்கள். புத்தகம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் காலம் கடத்த முடியாது, குடும்பங்கள் வாசலில் நிற்கின்றன. அதனால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அங்கேயே, அப்போதே சொல்லிக்கொடுத்தார்கள். ஹேலியே தொடர்பியல் படித்தவர், உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவரல்ல. படிக்காதவர்களுக்காகத் தீட்டிய முறை இன்று முனைவர் பட்டத்துக்கான கட்டாய விதியாக இருக்கிறது.

வியாழக்கிழமைகளில் இன்னொரு மாதிரி செய்வோம். நார்வேயின் ட்ரோம்ஸோ நகரத்தில் டாம் ஆண்டர்சன் என்ற மனநல மருத்துவர் 1985-இல் ஒரு நாள் விளக்குகளை மாற்றிப் போட்டார். பின்னறையில் வெளிச்சம், குடும்பம் இருக்கும் அறையில் இருட்டு. இப்போது குடும்பம் உட்கார்ந்து, தங்களைப் பற்றி நிபுணர்கள் பேசிக்கொள்வதைப் பார்க்கும். நாங்கள் அதைச் செய்த முதல் வியாழன், என் வகுப்புத் தோழர்களின் பேச்சே மாறிவிட்டது. இருட்டில் "அந்தம்மா ரொம்பக் கட்டுப்படுத்துகிறவர்" என்று சொன்ன அதே வாய், வெளிச்சத்தில் "அவர் எத்தனை விஷயங்களைத் தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தேன்" என்றது. போலித்தனம் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இரண்டாவது வாக்கியம் நாகரிகமானது என்பதோடு, அதுதான் உண்மைக்கும் பக்கத்தில் இருந்தது.

இரண்டாம் ஆண்டு வசந்த பருவத்தில்தான் எனக்கு அடி விழுந்தது.

ஒவ்வோர் ஆண்டும் ஒரு கோப்பு கொடுக்க வேண்டும். மணிக் கணக்கு, சூப்பர்வைசர்களின் மதிப்பீடு, பாடங்களின் தரம், கருத்தரங்கு, கற்பித்தல், அடுத்த ஆண்டுக்கான திட்டம். பேராசிரியர்கள் எல்லோரும் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு மாணவர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பேசுவார்கள். பிறகு கடிதம் வரும். நன்றாகப் போகிறது, கவனிக்க வேண்டியவை உண்டு, திருப்தியாக இல்லை, இந்த மூன்றில் ஒன்று. எனக்கு நடுவில் உள்ளது வந்தது. 'அமர்வின் போக்கைக் கையில் எடுத்துக்கொள்வதில் எதிர்பார்த்த நிலையை அடையவில்லை.' ஒரு பருவத்துக்குத் திருத்தத் திட்டம். கூடுதலாக 20 மணி நேரம் நேரடிக் கண்காணிப்பு. பருவ முடிவில், அமர்வில் நான் துணிந்து குறுக்கிட்ட இரண்டு இடங்களை வீடியோவில் காட்ட வேண்டும்.

காரணம் ஒரு தாத்தா. மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். தாத்தா, அவர் மகள், மகளின் பதினான்கு வயது மகன். பையன் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறான். நான் உள்ளே போனதும் முதல் வணக்கம் தாத்தாவுக்கு. முதல் கேள்வி தாத்தாவுக்கு. பையனைப் பார்த்துக் கேட்கும் முன்னால் என் கண் தானாகவே தாத்தா பக்கம் போய்விட்டு வரும். மதுரைப் பக்கத்து வளர்ப்பு. ஆங்கிலத்தில் எல்லோரும் 'யூ'தான். ஆனால் என் மண்டைக்குள் ஒருவர் நீங்கள், ஒருவன் நீ, அது முதுகெலும்பு வரை தெரிகிறது. அன்று போன் அடித்தது. "அவரிடம் நாலு தடவை அனுமதி கேட்டுவிட்டாய்."

நான் அனுமதியே கேட்கவில்லையே என்று நினைத்தேன். ராத்திரி வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நாலு அல்ல, ஆறு.

செஷனுக்குப் பிறகு என் பக்க நியாயத்தைச் சொன்னேன். மினுச்சின் சொல்கிற 'ஜாய்னிங்' இதுதானே, குடும்பம் எப்படி இருக்கிறதோ அப்படியே அதற்குள் நுழைந்து, அதன் தலைவரை மதித்து ஆரம்பிப்பது? சூப்பர்வைசர் அறுபதைத் தாண்டியவர், எதையும் மெதுவாகச் சொல்வார். "ஜாய்ன் பண்ணினாய். அங்கேயே குடியேறிவிட்டாய்" என்றார்.

கடிதத்துக்கு மாணவர் பதில் எழுதலாம் என்று கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. யாரும் எழுதுவதில்லை. நான் எழுதினேன். அந்தத் தாத்தா ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்ததற்குக் காரணம் அந்த மரியாதைதான், முன்பு இரண்டு இடங்களில் ஒரே செஷனோடு நின்றுவிட்டவர்கள் அவர்கள், இதையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று. எழுதும்போது கை நடுங்கியது. வெளிநாட்டு மாணவி, விசா அவர்கள் கையில் என்கிற எண்ணம் எப்போதும் ஓர் ஓரத்தில் இருந்தது. பதிலுக்கு, திட்டம் அப்படியே இருந்தது. ஆனால் 'அடையவில்லை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மரியாதையால் உறவை ஏற்படுத்துகிறார், அதிலிருந்து அடுத்த அடி எடுத்துவைப்பதில் பயிற்சி தேவை' என்று மாற்றினார்கள். அந்தச் சின்ன மாற்றத்தை நான் பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டேன். இப்போது திரும்பிப் பார்த்தால், அவர்கள் முதலில் எழுதியதும் தப்பில்லை. என் மரியாதையில் கால்வாசி மரியாதை, முக்கால்வாசி பயம். அதை இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

குறுக்கிடப் பழகியது எப்படி என்று கேட்டால், தாத்தாவிடமே கேட்டுத்தான். ஒரு நாள், "இன்று நான் உங்கள் பேரனோடு கொஞ்சம் அதிகம் பேசப் போகிறேன். நடுவில் உங்களை நிறுத்தச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது" என்றேன். அவர் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் பேச ஆரம்பித்ததும் கையை லேசாக உயர்த்துவேன், நிறுத்துவார். பின்னறையிலிருந்து போன் வரவில்லை. அதுவும் ஒருவகையில் அனுமதி கேட்டதுதான், ஏழாவது தடவை. சூப்பர்வைசர் அதைக் கண்டுபிடித்தும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

திறன்களைப் பட்டியலிட்டு எண் போடுவதில் அமெரிக்கர்களுக்கு அலாதிப் பிரியம். குடும்ப தெரபிஸ்ட்டுகளின் தேசியத் தொழில்முறைச் சங்கம் 2004-இல் ஒரு குடும்ப தெரபிஸ்ட்டுக்கு வேண்டிய அடிப்படைத் திறன்கள் என்று வெளியிட்டதில் 128 இருந்தன, ஆறு தலைப்புகளில். இந்தச் சங்கம் 1942-இல் திருமண ஆலோசகர்களின் சங்கமாகத் தொடங்கியது. கலிஃபோர்னியா 1963-இல் முதல் உரிமச் சட்டம் கொண்டுவந்தது. இன்று 50 மாநிலங்களிலும் உரிமம் உண்டு. இந்த 128-ஐயும் ஒரு தாளில் அச்சடித்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள் என் அறைத்தோழி. மூன்றாம் மாதம் அதன் மேல் பீட்சாக் கடை கூப்பன் ஏறிவிட்டது.

எண்ணில் அடங்காத ஒரு வேலை முதல் ஆண்டே வந்தது: மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம். ஜெனோகிராம் என்பார்கள். சதுரம் ஆண், வட்டம் பெண், இறந்தவர்கள் மேல் பெருக்கல் குறி. அவரவர் குடும்பத்தை வரைந்து, வகுப்பில் வைத்துப் பேச வேண்டும். இதன் வேர் மர்ரே போவன் என்ற மனநல மருத்துவர். 1967-இல் பிலடெல்ஃபியாவில் ஆய்வாளர்கள் கூடிய கருத்தரங்கில், கோட்பாட்டுக் கட்டுரை வாசிக்க வேண்டியவர், அதை விட்டுவிட்டு, தன் சொந்தக் குடும்பத்துக்குப் போய்த் தான் என்ன செய்தேன் என்று சொன்னார். 1972-இல் அது அச்சானபோது பெயர் போடாமல் வந்தது. தன் குடும்பத்தோடு மல்லுக்கட்டிய மாணவர்கள்தான் கிளையன்ட்டுகளோடும் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. அன்றிலிருந்து இது எங்கள் தலையெழுத்து.

என் அம்மா கட்டிக்கொண்டது தாய்மாமனை. அதாவது என் அம்மாச்சியின் தம்பிதான் என் அப்பா. ஆக, என் அம்மாச்சி எனக்கு அத்தையும்தான். அப்பாவைப் பெற்ற ஆத்தா, அம்மா வழியில் பார்த்தால் எனக்குக் கொள்ளுப்பாட்டி. எங்கள் ஊரில் இதை யாரும் வரைந்து பார்ப்பதில்லை, கூப்பிடும் பெயரில் எது முந்துகிறதோ அது. தாளில் போட்டபோதுதான் தெரிந்தது, மேலே போன கோடு வளைந்து கீழே வருகிறது. மூன்று தலைமுறை என்றால் கீழே விரிந்த மரம் மாதிரி இருக்க வேண்டுமாம். என்னுடையது கூடை மாதிரி இருந்தது.

பேராசிரியர் ஓர் இடத்தைச் சுற்றி வட்டமிட்டு, 'இங்கே பிழை இருக்கிறதா?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். மரபியல் வரைபடங்களில் இரத்த சொந்தத்துக்குள் நடக்கும் திருமணத்துக்கு இரட்டைக் கோடு. நானும் அம்மா அப்பாவுக்கு நடுவில் இரட்டைக் கோடு போட்டிருந்தேன். ஆனால் ஜெனோகிராமில் உறவின் தன்மையைக் காட்டும்போது இரட்டைக் கோடு என்றால் நெருக்கம். வகுப்புத் தோழன் ஒருவன் பார்த்துவிட்டு, "உன் பெற்றோர் ரொம்ப அன்னியோன்யம் போல" என்றான். எங்கள் வீட்டை அறிந்தவர்கள் யாராவது அதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அன்று விளக்கம் சொல்ல எழுந்தபோது என் குரலில் ஒரு தற்காப்பு வந்தது. இது தென்னிந்தியாவில் சகஜம், சட்டம் வழக்கத்தை ஏற்றுக்கொள்கிறது என்று வக்கீல் மாதிரிப் பேசினேன். பேராசிரியர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அம்மா எதற்காவது அப்பாவோடு சண்டை போட்டால் யாரிடம் போய்ச் சொல்வார்?" என்று மட்டும் கேட்டார். அம்மாச்சியிடம்தான். ஆனால் அம்மாச்சி அப்பாவின் அக்கா. நான் அப்படியே நின்றேன். என் சின்ன வயதில் அம்மா சமையலறையில் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார், யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டார். இருபத்தெட்டு வருஷம் அதை அவர் சுபாவம் என்று நினைத்திருந்தேன். மகள் என்பதால் அம்மாச்சி அவர் பக்கம், தம்பி என்பதால் அப்பா பக்கம். அம்மாவுக்குப் போய் நிற்க ஒரு பிறந்த வீடு தனியாக இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைக்காரர் கேள்வி கேட்க வேண்டியிருந்ததே என்று கோபம்கூட வந்தது.

நாலாம் ஆண்டில் விசா கணக்கு வந்து சேர்ந்தது. இதை ஏனோ எந்தக் கையேட்டிலும் ஒரே இடத்தில் எழுதுவதில்லை. வளாகத்துக்கு வெளியே உள்ள கிளினிக்கில் பயிற்சி எடுப்பதென்றால், சம்பளம் இருக்கிறதோ இல்லையோ, எங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முன்னதாகவே சிபிடி என்ற அனுமதி வாங்க வேண்டும். முழுநேரச் சிபிடி 12 மாதத்தைத் தொட்டால், படிப்பு முடிந்த பின் கிடைக்கும் ஓபிடி என்ற வேலை அனுமதி போய்விடும். அந்த ஓபிடியே 12 மாதம்தான். கலிஃபோர்னியாவில் உரிமம் வாங்கவோ மொத்தம் 3,000 மணி நேர அனுபவம், குறைந்தது 104 வாரம் கண்காணிப்பில். அந்த 3,000-க்குள் 500 தம்பதிகள், குடும்பங்கள், குழந்தைகளோடு. பட்டத்துக்கு முன் சேர்த்ததில் ஒரு பகுதியைத்தான் ஏற்பார்கள். 52 வாரத்துக்குள் மிச்சத்தை எப்படி அடைப்பது என்று நானும் தைவான் தோழியும் ஒரு ஞாயிறு முழுக்கக் காலண்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கடைசியில் நூடுல்ஸ் செய்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டோம்.

அப்புறம் கொரோனா. கண்ணாடி போனது, போன் போனது. சூப்பர்வைசர் ஜூமில் கேமராவை அணைத்துவிட்டு ஒரு கறுப்புச் சதுரமாக இருப்பார். அவர் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கண்ணாடிக்கு இருந்த கனம் அதற்கு இல்லை. கலிஃபோர்னியா விதிப்படி ஒவ்வோர் ஆன்லைன் செஷனின் தொடக்கத்திலும் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று முகவரி கேட்க வேண்டும். ஒரு தம்பதி காருக்குள் இருந்தபடி சேர்ந்தார்கள், இருவரும் சிரித்த முகம், பல மாதங்களில் முதல் தடவை. எங்கே இருக்கிறீர்கள் என்றேன். "லாஸ் வேகஸ்! நீங்கள் சொன்ன மாதிரி இரண்டு பேரும் மட்டும் வெளியே கிளம்பி வந்தோம்" என்றார்கள். லாஸ் வேகஸ் நெவாடாவில் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்குச் சிகிச்சை அளிக்க எங்களுக்கு அனுமதி இல்லை. வாழ்த்துச் சொல்லி, அடுத்த வாரத்துக்கு நேரம் குறித்து, இரண்டே நிமிடத்தில் மூடினேன். அந்தப் பயிற்சி முழுவதிலும் என் சொல் ஒன்று இத்தனை நன்றாகப் பலித்தது அன்றுதான். எக்செல்லில் அதற்கு பூஜ்யம்.

இத்தனை மணியும் இந்தியாவுக்கு வந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. குடும்ப சிகிச்சைக்கென்று தனி உரிமம் இங்கே கிடையாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு செய்வது மருத்துவ உளவியலாளர்களை. பெங்களூரு நிம்ஹான்ஸில் குடும்ப மனநலத்துக்கென்றே ஒரு மையம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது, நல்ல பயிற்சியும் நடக்கிறது. ஆனால் நான் கொண்டுவரும் மணிக் கணக்கை வாங்கி எழுதிக்கொள்ள எந்த அலுவலகத்திலும் ஒரு கட்டம் இல்லை.

இது பெரிய குறையா என்று யோசித்திருக்கிறேன். போவன் 1954 முதல் 1959 வரை வாஷிங்டன் பக்கத்தில் பெதஸ்டாவில், மனச்சிதைவு நோயாளிகளோடு அவர்கள் குடும்பத்தையே ஆஸ்பத்திரி வார்டில் தங்க வைத்தார். எங்கள் பாடத்தில் அது புரட்சி என்று வரும். அதே பத்தாண்டில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளியின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்தில் 1957 முதலே நோயாளியோடு வீட்டார் ஒருவர் கூட இருக்கும் ஏற்பாடு. இதை வகுப்பில் சொன்னபோது, இதற்குப் பின்னால் இருந்த கோட்பாடு என்ன என்று கேட்டார்கள். ஆள் பற்றாக்குறை ஒரு காரணம். மற்றபடி, எங்கள் ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் இரண்டு பேர் பக்கத்தில் இருப்பார்கள், மூன்றாமவர் தூக்குவாளியோடு வருவார். அதைத் தடுப்பதற்குத்தான் கோட்பாடு வேண்டும். ஆனால் கூட இருப்பதும், கூட இருப்பவர்களைப் பேச வைப்பதும் ஒன்றல்ல. எங்கள் வீட்டில் எப்போதும் ஒன்பது பேர் இருந்தார்கள், அம்மா முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்.

தேர்வு, கோட்பாட்டுக் கட்டுரை, வீடியோத் துண்டுகளை வைத்து நடந்த வாய்மொழி, எல்லாம் ஒருவழியாக நடந்து முடிந்தன. அந்தத் தாத்தா வரும் வீடியோத் துண்டைத்தான் போட்டேன். ஆயிரமாவது மணி எது என்று அன்று தெரியவில்லை. ஞாயிறன்று எக்செல்லில் ஏற்றும்போதுதான் வியாழக்கிழமையே தாண்டிவிட்டது தெரிந்தது. கல்லூரிக்குப் போகும் ஒரு பெண், தனி மணி. அவள் தன் பூனையைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசினாள்.

கடைசி ஆண்டில் சூப்பர்வைசருக்கான பயிற்சி. இப்போது நான் இருட்டில், போன் என் கையில். முதலாண்டு மாணவி ஒருத்தி உள்ளே. குழந்தை பெற்று நாலு மாதம் ஆன தாய் ஒருவர் மடியில் குழந்தையோடு வந்திருந்தார். செஷன் முடிந்ததும் மாணவி பின்னறைக்கு வந்தாள். தயங்கித் தயங்கி, "ஒன்று கேட்கலாமா? குழந்தையும் இருந்ததே. இது உறவு மணியா, தனி மணியா?" என்றாள். கேட்டுவிட்டு முகம் சிவந்தது.

கையேட்டைப் புரட்டினேன். வயதைப் பற்றி ஒன்றும் இல்லை.

"குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது?" என்றேன்.

யோசித்தாள். "அவர் அழும்போதெல்லாம் அதுவும் அழுதது. அவர் நிறுத்தினால் நிறுத்தியது."

"உறவு மணி என்று போட்டுக்கொள்" என்றேன்.